பெண்கள் வாட்டர் போலோவை முதல்முறை பார்க்கிறீர்களா? பந்தை விடுங்கள், கோலுக்கு முன்னால் பாருங்கள்

ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் சேனல் மாற்றிக்கொண்டே போனால் நடுவில் எங்கேயாவது வாட்டர் போலோ வந்து நிற்கும். தொப்பி போட்ட தலைகள், ஓயாத விசில், ஒரே நுரை. யார் யாரைப் பிடித்தார்கள், எதற்கு விசில், ஏன் ஒருவர் திடீரென்று மூலைக்கு நீந்திப் போகிறார், எதுவும் பிடிபடாமல் இரண்டே நிமிடத்தில் அடுத்த சேனலுக்குப் போய்விடுவோம். எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லிவிட்டால் இந்த ஆட்டம் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும், அப்புறம் விடவும் மனசு வராது. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. அதுவும் பெண்கள் போட்டியை வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒலிம்பிக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைத்த முடிவுகளில் பல இந்தக் குளத்தில்தான் நடந்திருக்கின்றன, நம் ஊரில் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

முதலில் அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். ஒரு அணிக்கு தண்ணீரில் 7 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். ஒரு அணிக்கு வெள்ளைத் தொப்பி, இன்னொன்றுக்கு நீலம் அல்லது வேறு அடர்நிறம், கோல்கீப்பர்கள் இருவருக்கும் சிவப்பு. 8 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நின்றுவிடும், அதனால் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோல் 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 90 சென்டிமீட்டர் உயரம். பெண்களுக்கான பந்து ஆண்களுடையதைவிடக் கொஞ்சம் சிறியது. கோல்கீப்பரைத் தவிர யாரும் இரண்டு கையால் பந்தைத் தொடக்கூடாது, ஒரு கைதான். யாரும் தரையில் கால் ஊன்றவும் கூடாது, ஊன்றவும் முடியாது, குளம் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆழம்.

இந்தக் கடைசி விஷயத்தை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். திரையில் அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பது மாதிரி தெரியும். யாரும் நிற்கவில்லை. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வட்டமாகச் சுழற்றிக்கொண்டே உடம்பை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள், ஆட்டம் முழுவதும், மேலே ஒருவர் தொங்கிக்கொண்டு அழுத்தும்போதும்கூட. கோல்கீப்பர் எழும்பும்போது இடுப்புவரை வெளியே வருவதும், கோலுக்கு எறிகிறவர் மார்பளவு மேலே எழும்புவதும் அந்தக் காலின் பலத்தில்தான். தண்ணீருக்கு அடியில் இருக்கும் கேமராவின் காட்சியை ரீப்ளேயில் காட்டினால் தவறவிடாதீர்கள், மேலே தெரிகிற ஆட்டத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது.

எங்கே கண்ணை வைப்பது

பந்தைத் துரத்தாதீர்கள். தாக்கும் அணி கோலைச் சுற்றி வில் மாதிரி ஐந்து பேரை நிறுத்தியிருக்கும், ஆறாவது ஆள் கோலுக்கு நேர் முன்னால், இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். அவர்தான் சென்டர். அவர் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பவர் எதிரணியின் சென்டர் டிஃபெண்டர். இந்த இருவரின் மல்லுக்கட்டுதான் ஆட்டத்தின் மையம். வெளியே இருக்கும் ஐந்து பேரும் பந்தை அங்குமிங்கும் போட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் சென்டருக்கு நல்ல கோணத்தில் ஒரு பாஸ் கொடுக்கத்தான்.

பாஸ் உள்ளே போய்விட்டால் என்ன ஆகும்? இங்கேதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புவது. விதி இதுதான்: பந்தைக் கையில் பிடித்திருக்கிறவரை எதிராளி அமுக்கலாம், பிடிக்கலாம், தடுக்கலாம். பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டால் அவரைத் தொட்டு இழுப்பது ஃபவுல். அதனால் அனுபவமுள்ள சென்டர் பந்தை உடனே எடுக்கமாட்டார், தன் முன்னால் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு உடம்பால் அதைக் காப்பார். பின்னால் இருக்கிறவர் பொறுமை இழந்து தோளைப் பிடித்து இழுத்தாலோ, அமுக்கி மூழ்கடித்தாலோ விசில் அடிக்கும், அவர் வெளியேற வேண்டியதுதான். எதையோ பார்க்காமல் விட்டுவிட்டதாக நமக்குத் தோன்றும் அந்த ஒரு நொடியில் இவ்வளவு கணக்கு ஓடுகிறது. ஸ்பெயினின் மைக்கா கார்சியா சென்டரில் ஆடும் ஆட்டங்களின் வீடியோ கிடைத்தால், அவரை மட்டும் பார்த்து ஒரு கால்பகுதி ஓட்டுங்கள், போதும்.

விசிலைப் படிப்பது

ஓயாமல் விசில் அடிக்கிறதே என்று பலர் எரிச்சலடைகிறார்கள். குளத்தின் இரண்டு நீளப் பக்கங்களிலும் ஒவ்வொரு நடுவர் நடந்துகொண்டே இருப்பார்கள், அவர்கள் கையைக் கவனித்தால் எரிச்சல் போய்விடும். சாதாரண ஃபவுல் என்றால் ஒரு கை தாக்கும் திசையைக் காட்டும், ஆட்டம் நிற்காது, ஃபவுல் வாங்கியவர் உடனே பந்தைப் போட்டுவிடுவார். இதுதான் எண்பது சதவீதம் என்று சொல்லும் அளவுக்கு அடிக்கடி வருகிற விசில், இதை நீங்கள் மனசில் ஒதுக்கிவிடலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: ஃபவுல் 6 மீட்டர் கோட்டுக்கு வெளியே நடந்திருந்தால் அங்கிருந்து நேராகக் கோலுக்கே எறியலாம், அதனால் தூரத்தில் விசில் கேட்டால் உஷாராக இருங்கள்.

இரண்டாவது வகைதான் முக்கியம். நடுவர் ஒரு ஆளைச் சுட்டிக்காட்டி வெளியே போகச் சொல்லி, பிறகு விரல்களால் தொப்பி எண்ணைக் காட்டுவார். அந்த ஆள் தன் அணியின் கோல் பக்க மூலைக்கு நீந்திப் போய் ஏறத்தாழ 20 நொடி காத்திருக்க வேண்டும். அதற்குள் கோல் விழுந்துவிட்டாலோ, தன் அணிக்குப் பந்து கிடைத்துவிட்டாலோ உள்ளே வரலாம். அந்த நேரத்தில் தண்ணீரில் ஆறு பேர் தாக்க ஐந்து பேர் தடுக்கிறார்கள். கபடியில் நல்ல கேட்சர் ஒருவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும்போது ரெய்டர் எவ்வளவு தைரியமாக உள்ளே வருவார், அந்த நிலைமைதான். ஒரே ஆள் மூன்று முறை இப்படி மாட்டினால் மிச்ச ஆட்டத்துக்கு அவர் கிடையாது, அதனால் முதல் பாதியிலேயே ஒரு அணியின் சென்டர் டிஃபெண்டருக்கு இரண்டு ஃபவுல் ஆகிவிட்டால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கால்பகுதியில் அந்த இடத்தைத்தான் எதிரணி குடையும்.

மூன்றாவது பெனால்டி. கோலை நோக்கி எறியப் போகிறவரை 6 மீட்டருக்குள் பின்னாலிருந்து இழுத்தால் பெரும்பாலும் பெனால்டிதான், 5 மீட்டரிலிருந்து கோல்கீப்பருடன் நேருக்கு நேர். இப்போது வீடியோ பார்த்து முடிவு சொல்வதும், பயிற்சியாளர் முறையிடுவதும் வந்துவிட்டது, அதனால் நடுவில் ஆட்டம் நின்றால் பதற வேண்டாம்.

அந்த 20 நொடி

ஆள் குறைந்த நேரத்தில் தாக்கும் அணி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கு பேர் கோல் பக்கத்தில் ஒரே வரிசையில், இரண்டு பேர் மேலே. பந்து ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு வேகமாகப் போகும், ஒவ்வொரு பாஸுக்கும் கோல்கீப்பர் பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும், அவர் கால் அரை நொடி தாமதமானால் கோல். தடுக்கும் ஐந்து பேர் கையைத் தூக்கி கோலின் ஒரு பகுதியை மூடிவிட்டு மிச்சத்தை கோல்கீப்பரிடம் விடுகிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு வருகிற புள்ளிவிவரத்தில் இந்த நேரத்தில் எத்தனை வாய்ப்பு, எத்தனை கோல் என்று தனியாக இருக்கும். 12 வாய்ப்பில் 4 கோல் அடித்த அணி பெரும்பாலும் தோற்றிருக்கும், 7 அடித்தது ஜெயித்திருக்கும். கோல்கீப்பர் கணக்கையும் பாருங்கள், தன்னை நோக்கி வந்ததில் பாதிக்கு மேல் தடுத்திருந்தால் அவருக்கு அது நல்ல நாள். அமெரிக்காவின் ஆஷ்லி ஜான்சன் மாதிரி ஒருவர் கோலில் இருந்தால் எதிரணி ஓரங்களைத் தேடி எறிந்து வெளியே அடிப்பதை நீங்களே காண்பீர்கள், அதுவும் அவருடைய கணக்குதான், பதிவில் வராவிட்டாலும்.

இன்னொரு கடிகாரமும் இருக்கிறது, தாக்குதலுக்கானது. அதற்குள் கோலை நோக்கி எறியாவிட்டால் பந்து எதிரணிக்கு. பாரிஸ் 2024-ல் அது 30 நொடி, அதற்கப்புறம் ஆட்டத்தை வேகமாக்குவதற்காக இந்த நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். எண் எதுவானாலும் திரையில் அது 5-க்குக் கீழே வரும்போது கண்ணைச் சிமிட்டாதீர்கள். ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்தில் இரு பக்கமிருந்தும் நடுவில் இருக்கும் பந்துக்கு ஒவ்வொருவர் பாய்ந்து நீந்துவார்களே, அதையும் பார்த்துவிடுங்கள், அணியிலேயே வேகமான ஆள் யார் என்று அதிலேயே தெரியும்.

வலது ஓரத்தில் நிற்பவர் எந்தக் கையால் எறிகிறார் என்பதும் பார்க்க வேண்டியது. அங்கே இடதுகைக்காரர் ஒருவர் இருந்தால் அவருக்குக் கோல் முழுசாகத் திறந்து தெரியும், வலதுகைக்காரருக்குப் பாதிக் கோணம்தான். நல்ல இடதுகை ஆட்டக்காரருக்காக அணிகள் ஏங்குவதன் காரணம் இதுதான்.

எந்தப் போட்டி, எந்த அணி

பெரிய போட்டிகள் இரண்டு: ஒலிம்பிக், அப்புறம் உலக நீர்விளையாட்டுச் சாம்பியன்ஷிப். உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் 1986-லிருந்து ஆடுகிறார்கள். ஒலிம்பிக் கதை வேறு. ஆண்கள் வாட்டர் போலோ 1900-லேயே ஒலிம்பிக்கில் இருந்தது, பெண்களுக்கு இடம் கிடைத்தது சிட்னி 2000-ல். நூறு வருடம். அதுவும் சும்மா கிடைக்கவில்லை, சிட்னிக்கு வந்து இறங்கிய ஒலிம்பிக் அதிகாரிகள் முன்னால் ஆஸ்திரேலியப் பெண்கள் விமான நிலையத்திலேயே நீச்சலுடையில் போய் நின்று கேட்டார்கள். கேட்டு வாங்கிய இடத்தில் முதல் தங்கத்தையும் அவர்களே எடுத்தார்கள்: அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 3-3 என்று இருந்தபோது, 1.3 நொடி மிச்சமிருக்க இவெட் ஹிக்கின்ஸ் தூரத்திலிருந்து எறிந்தது உள்ளே போனது. 4-3. நீங்கள் ஒரே ஒரு பழைய ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பதாக இருந்தால் அதைப் பாருங்கள். தூரத்தில் ஃபவுல் ஆனால் நேராகக் கோலுக்கே எறியலாம் என்று மேலே சொன்னேனே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் அப்போது புரியும்.

அதன் பிறகு 2004 ஏதென்ஸில் இத்தாலி, கிரீஸை அவர்கள் ஊரிலேயே கூடுதல் நேரத்தில் 10-9 என்று வென்றது. 2008 பெய்ஜிங்கில் நெதர்லாந்து 9-8, அந்த ஒன்பதில் ஏழு கோல் டேனியல் டி ப்ரூயின் ஒருவரே அடித்தது. பிறகு 2012, 2016, டோக்கியோ என்று மூன்று தங்கம் தொடர்ச்சியாக அமெரிக்காவுக்கு, அந்த மூன்றிலும் மேகி ஸ்டெஃபன்ஸ் இருந்தார், பெண்கள் ஒலிம்பிக் வாட்டர் போலோவில் அவரைவிட அதிகக் கோல் அடித்தவர் இல்லை.

அமெரிக்காவை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தபோதுதான் பாரிஸ் 2024 வந்தது. நாக் அவுட் ஆட்டங்கள் நடந்தது லா டிஃபான்ஸில், ரக்பி அரங்குக்குள் கட்டிய தற்காலிகக் குளத்தில். அரையிறுதி இரண்டுமே பெனால்டி ஷூட்அவுட் வரை போயின. ஸ்பெயின் நெதர்லாந்தை வென்றது, ஆஸ்திரேலியா அமெரிக்காவை வென்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்தின் சப்ரினா வான் டெர் ஸ்லூட் கடைசி நொடியில் அடித்த கோலில் அமெரிக்கா 11-10 என்று தோற்று, பெண்கள் போட்டி ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாகப் பதக்கமே இல்லாமல் ஊர் திரும்பியது. தங்கம் ஸ்பெயினுக்கு, ஆஸ்திரேலியாவை 11-9 என்று வென்று. 2012-லும் டோக்கியோவிலும் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் தோற்ற அணி அது, லாரா எஸ்டர் மாதிரி சிலர் அந்த இரண்டு தோல்வியிலும் இருந்தவர்கள். அவர்கள் தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டதைப் பார்க்க நிஜமாகவே நிறைவாக இருந்தது.

அடுத்த வருடமே படம் மறுபடி மாறியது. 2025 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கிரீஸ், ஹங்கேரியை 12-9 என்று வென்றது. கிரீஸ் அணியில் பிளெவ்ரிட்டு என்ற பெயரைப் பல தொப்பிகளில் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர்கள் அக்கா தங்கைகள். போட்டியை நடத்திய சிங்கப்பூரின் பெண்கள் அணியும் அதில் ஆடியது. நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிற ஊரில் இவ்வளவு பெரிய போட்டி நடந்தும் தமிழில் அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் கண்ணில் படாதது எனக்கு வருத்தம்தான்.

அணி தேர்ந்தெடுக்க என் யோசனை: முதல்முறை என்றால் ஸ்பெயினை எடுங்கள், பந்து வேகமாக ஓடும், பேயா ஒர்ட்டிஸ் தூரத்திலிருந்து எறிவதைப் பார்க்கவே உட்காரலாம். தடுப்பாட்டம் பிடிக்கும் என்றால் அமெரிக்கா. ஆசிய அணி வேண்டுமென்றால் சீனா, 2011-ல் ஷாங்காயில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிவரை வந்து கிரீஸிடம் ஒரே கோலில் தோற்றவர்கள்.

அட்டவணையைப் படிப்பது

பாரிஸில் பெண்கள் அணிகள் 10 தான், ஆண்கள் 12. ஐந்து ஐந்தாக இரண்டு குரூப், ஒவ்வொன்றிலும் நான்கு அணி காலிறுதிக்குப் போகும், ஒன்றுதான் வெளியே. அப்படி இருக்கும்போது முதல் சுற்றில் ஒரு அணி தோற்றதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், யார் யாரை காலிறுதியில் சந்திப்பார்கள் என்பதற்குத்தான் அந்த ஆட்டங்கள். உலகச் சாம்பியன்ஷிப்பில் 16 அணி, நான்கு குரூப், முதலிடம் பிடித்தவர்கள் நேராகக் காலிறுதி, இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்கள் நடுவில் இன்னொரு ஆட்டம் ஆடித்தான் உள்ளே வரவேண்டும். அந்த நடு ஆட்டத்தைப் பார்க்கத் தவறாதீர்கள், களைப்பும் பயமும் சேர்ந்து அங்கே நிறையத் தலைகீழாகும். நேரம் குறைவு என்றால் குரூப் சுற்றில் ஏதாவது இரண்டு பலமான அணிகளின் ஒரு ஆட்டம், பிறகு காலிறுதி முழுவதும், இது போதும். பலமான அணி புதிய அணியை 25, 30 கோல் அடித்து வெல்லும் ஆட்டங்கள் முதல் சுற்றில் வரும், பழக அது நல்ல இடம் இல்லை.

நாக் அவுட்டில் சமனில் முடிந்தால் இப்போது கூடுதல் நேரம் கிடையாது, நேராக ஷூட்அவுட், அணிக்கு ஐந்து பேர்.

நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் குளத்தின் நீளப் பக்கத்தில், கொஞ்சம் உயரமான வரிசையில் உட்காருங்கள். தண்ணீர் பக்கத்து முதல் வரிசை கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் அங்கிருந்து தலைகள்தான் தெரியும், அணி எப்படி நிற்கிறது என்பது தெரியாது. சீக்கிரம் போனால் இன்னொன்றையும் காணலாம்: ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் ஒவ்வொருவரின் கை நகத்தையும் சோதிப்பார்கள். நகம் நீண்டிருந்தால் வெட்டியாக வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கவும் கூடாது. தண்ணீருக்கு அடியில் நடப்பது எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதற்கு அந்தச் சோதனையே சாட்சி.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். இழுபறியில் நீச்சலுடை விலகுவதும் கிழிவதும் இந்த விளையாட்டில் நடக்கும். அந்த நொடியைப் படமெடுத்துப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் வாட்டர் போலோ என்று தேடினாலே அவைதான் முதலில் வந்து நிற்கின்றன. அவற்றைத் திறக்காதீர்கள், பகிராதீர்கள். கோலைப் பகிருங்கள், கோல்கீப்பர் தடுத்ததைப் பகிருங்கள். இந்தப் பெண்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்கிறவர்கள். 2024-ல் மேகி ஸ்டெஃபன்ஸ் இதைச் சமூக ஊடகத்தில் எழுதியதைப் பார்த்துத்தான் ராப் பாடகர் ஃப்ளேவர் ஃப்ளேவ் அமெரிக்க அணிக்குப் பண உதவி செய்ய முன்வந்து, பாரிஸுக்கே போய் கரையில் நின்று கத்தினார். ஒரு உலகச் சாம்பியன் அணிக்கே இந்த நிலைமை என்றால் மற்ற நாடுகளை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸ் 2028. பெண்கள் அணிகளும் முதல்முறையாக 12 ஆகின்றன, ஆண்களுக்குச் சமமாக. அங்கே மாலை 7 மணி ஆட்டம் என்றால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மறுநாள் காலை 7.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 10. அதற்கு முன்னால் பழக வேண்டுமென்றால் பாரிஸின் வெண்கல ஆட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள், முதல் கால்பகுதியில் சென்டரை மட்டும், இரண்டாவதில் நடுவர் கையை மட்டும், மூன்றாவதில் ஆள் குறைந்த நேரங்களை மட்டும் பாருங்கள். நான்காவதை உங்கள் இஷ்டம்போல் பார்க்கலாம்.